கோலாலம்பூரில் நாடகம் பார்ப்பதும் அதைப் பற்றி எழுதுவதும்: ஒரு தங்கைக்குப் பதில்

அன்புத் தங்கைக்கு,

திருச்சியிலிருந்து சைபர்ஜெயாவுக்கு வேலைக்கு வந்து ஓராண்டு ஆகப்போகிறது என்றும், அலுவலகத் தோழி ஒருவர் அழைத்துச் சென்று செந்தூலில் ஒரு நாடகம் பார்த்த நாளிலிருந்து, வெள்ளிக்கிழமை வந்தாலே எந்த அரங்கில் என்ன நாடகம் என்று தேடத் தொடங்கிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். கூடவே மூன்று கேள்விகளையும் கேட்டிருந்தீர்கள். மலாய் சரியாகத் தெரியாமல் இந்த ஊர் நாடகங்களைப் பார்த்து என்ன பயன், எங்கெல்லாம் போகலாம், நேற்று வந்தவளுக்கு, அதுவும் நாடகக் கலையை முறையாகப் படிக்காதவளுக்கு, விமர்சனம் எழுத என்ன தகுதி என்பவை அவை. கடைசிக் கேள்விதான் உங்களை அதிகம் உறுத்துவதாகத் தெரிவதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தாராளமாக எழுதுங்கள். மலேசிய நாடகத்தின் வரலாற்றை அறிய விரும்புபவர்கள் இன்றும் தேடிப் படிக்கும் எழுத்துகளில் ஒன்று, கிருஷேன் ஜித் 1972 முதல் 1994 வரை நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழில் ஒரு புனைபெயரில் எழுதிவந்த நாடகப் பத்தி. அவர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர், நாடகங்களை இயக்கினார், 1984இல் ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டர் என்ற கலைக் குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவராகவும் இருந்தார். ஆனால் அந்தப் பத்தியின் பலம் பட்டத்தில் இல்லை, விடாமல் போய்ப் பார்த்து, பார்த்ததை உடனுக்குடன் எழுதி வைத்த உழைப்பில் இருக்கிறது. இங்கே ஒரு நாடகம் வியாழனில் தொடங்கி ஞாயிறு பிற்பகலோடு முடிந்துவிடுவது வழக்கம். திங்கட்கிழமை மேடையைக் கழற்றி அடுத்தவர்களுக்கு விட்டுவிடுவார்கள். யாராவது எழுதி வைத்தால்தான் அந்த நான்கு நாள் உழைப்புக்குத் தடயம் என்று ஒன்று இருக்கும்.

தமிழ் நாடகங்களின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. பெரும்பாலானவை ஓரிரு காட்சிகளோடு முடிந்துவிடுகின்றன. அவற்றைப் பற்றி வரும் செய்திகளில் தலைமை தாங்கியவர் பெயரும் பொன்னாடை போர்த்தியவர் பெயரும் தவறாமல் இருக்கும். நடித்தவர் எப்படி நடித்தார் என்ற ஒரு வரியைத் தேடினாலும் கிடைக்காது. அந்த ஒரு வரியை எழுதக்கூடியவராக நீங்கள் இருக்கிறீர்கள் என்பதே போதுமான தகுதி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி அரங்குகளைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் முதலில் சென்ற இடம் செந்தூல் பூங்காவுக்குள் இருக்கும் கேஎல்பேக் எனப்படும் கோலாலம்பூர் நிகழ்கலை மையம். ஃபரிடா மெரிக்கனும் ஜோ ஹாஷமும் 1989இல் தொடங்கிய ஆக்டர்ஸ் ஸ்டூடியோ என்ற நாடக நிறுவனம், மெர்டேக்கா சதுக்கத்தின் அடியில் நிலத்தடி அரங்கம் ஒன்றை நடத்திவந்தது. 2003 ஜூன் மாதம் வந்த திடீர் வெள்ளத்தில் அது மூழ்கிப்போனது. அதன் பிறகு, ரயில்வே காலத்துப் பழைய கட்டடம் ஒன்றைப் புதுப்பித்து 2005இல் செந்தூல் அரங்கம் திறக்கப்பட்டது. செந்தூல் ரயில்வே பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களில் பெரும் பகுதியினர் நம் மக்கள். அந்தச் செங்கல் சுவரைக் கடந்து உள்ளே போகும்போது ஒரு நிமிடம் அதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள பெரிய அரங்கில் சுமார் 500 பேரும் சிறிய அரங்கில் 200க்குச் சற்றுக் குறைவானவர்களும் அமரலாம். எழுதப் பழகுகிறவருக்குச் சிறிய அரங்கே சிறந்தது; நடிகரின் தொண்டை நரம்பு புடைப்பதுகூட அங்கே தெரியும்.

1999இல் திறக்கப்பட்ட, வாவ் பூலான் என்ற மலாய்க் காற்றாடியின் வடிவில் கட்டப்பட்ட இஸ்தானா புடாயா என்ற தேசிய அரங்குக்கு, துன் ரசாக் சாலையில், ஒரு முறையாவது போய்ப் பாருங்கள். 1,400 பேர் அமரக்கூடிய அந்த மண்டபத்தில் பெரிய மலாய் இசை நாடகங்கள் நடக்கும். செருப்பும் அரைக்காற்சட்டையுமாகப் போனால் உள்ளே விடமாட்டார்கள். டாமன்சாரா பெர்டானாவில் டிபேக் என்ற நிகழ்கலை மையம் இருக்கிறது. தமிழ் நிகழ்ச்சிகளுக்கு விஸ்மா துன் சம்பந்தனில் உள்ள டான் ஸ்ரீ சோமா அரங்கத்தைக் கவனித்து வாருங்கள். பிரிக்பீல்ட்ஸில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் நாட்டிய நாடகங்களையும் தவறவிடாதீர்கள். சைபர்ஜெயாவிலிருந்து வருகிற உங்களுக்கு ஞாயிறு பிற்பகல் 3 மணிக் காட்சியே வசதி. இரவுக் காட்சி முடிந்து நடிகர்களோடு பேசிக்கொண்டு நின்றுவிட்டால் கடைசி ரயிலைப் பிடிக்க ஓட வேண்டியிருக்கும்.

மொழியைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். மலாய், சீன நாடகங்கள் பலவற்றில் மேடைக்கு மேலே ஆங்கில வரிகள் ஓடும். ஆனால் அவற்றையே படித்துக்கொண்டிருந்தால் நடிப்பைத் தவறவிடுவீர்கள். கதைச் சுருக்கத்தை முன்னதாகப் படித்துவிட்டு, கண்ணை மேடையிலேயே வைத்திருப்பது நல்லது. ஒரே நாடகத்தில் நான்கு மொழிகள் புழங்குவதும் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. சிங்கப்பூர் நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1988இல் மேடையேற்றிய நாடகம் ஒன்றில், ஹொக்கியன் பேசும் ஒரு தாயும் தமிழ் பேசும் ஒரு முதியவரும், ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாமலேயே, காணாமற்போன தத்தம் பூனைகளைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். அந்தக் காட்சியைப் பார்க்கும் தமிழருக்கு முதியவரின் பேச்சு புரியும். பக்கத்தில் இருக்கும் சீனருக்குத் தாயின் பேச்சு புரியும். அரங்கில் எல்லாரும் ஒரே சமயத்தில் சிரிப்பதில்லை, யார் எப்போது சிரிக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் விமர்சனம் எழுதுபவருக்கு அதுவும் ஒரு செய்தி.

தமிழ் நாடகங்களுக்கு வருவோம். தமிழகத்திலிருந்து வருகிறவர்களிடம் நான் அடிக்கடி காணும் வழக்கம் ஒன்று எனக்கு வருத்தம் தருகிறது. எதைப் பார்த்தாலும் சென்னை சபா நாடகத்தோடோ கூத்துப்பட்டறையோடோ ஒப்பிட்டு, 'அந்த அளவுக்கு இல்லை' என்று முடித்துவிடுகிறார்கள். இங்குள்ள நாடகத்துக்கு வேர் வேறு. ரப்பர் தோட்டத்து லயங்களிலும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) கோயில் திடல்களிலும், விடியற்காலையில் மரத்தில் பால் வெட்டிவிட்டு இரவில் வேடம் கட்டியவர்களிடமிருந்து வந்தது அது. அதைப் புரிந்துகொள்ளப் பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பு), மண்டோர் (மேற்பார்வையாளர்), கிராணி (தோட்டக் கணக்கர்), காண்டா வாளி (தோள்கம்பில் தொங்கும் பால் வாளி) போன்ற சொற்கள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்; நூலகத்தைவிட அரங்கில் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களிடம் அவற்றை விரைவாகக் கற்றுக்கொள்ளலாம்.

ஒரு முறை தோட்ட வாழ்க்கையைப் பற்றிய சிறிய நாடகம் ஒன்றில் இளம் நடிகை ஒருவர், வெறும் கையால், பால் வெட்டுவதுபோல் அபிநயம் செய்தார். மரமும் இல்லை, உளியும் இல்லை. முகத்தில் தூக்கமும் குளிரும் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தன. நான் மெய்மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அருகில் இருந்த அம்மா ஒருவர் மெல்ல, 'கை படுக்கையாப் போகுது பாருங்க, வெட்டு இடது பக்கம் மேலேயிருந்து வலது பக்கம் சரிஞ்சு இறங்கணும், இல்லன்னா பால் எப்படிக் கோப்பைக்கு வரும்?' என்றார். அவர் பால்மரக் காட்டில் வேலை செய்தவர். பட்டைக்குள் பால் குழாய்கள் சற்றுச் சாய்வாக ஓடுவதால்தான் வெட்டை இடமிருந்து வலமாகக் கீழே சரிக்கிறார்கள். அப்போதுதான் அதிகக் குழாய்கள் அறுபடும். நடிகையின் முகத்தைப் பற்றி நான் எழுதியதும், கையைப் பற்றி அந்த அம்மா சொன்னதும் சேர்ந்த பிறகுதான் என் குறிப்பு முழுமையடைந்தது. பார்வையாளர்களில் அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். இடைவேளையில் தேநீர்க் கோப்பையோடு அவர்கள் அருகில் போய் நில்லுங்கள்.

எழுதும் முறை பற்றி எனக்குப் பயன்பட்ட சிலவற்றைச் சொல்கிறேன். இருட்டில் கைப்பேசியை எடுக்காதீர்கள். அந்த வெளிச்சம் மேடைவரை தெரியும். சிறிய குறிப்பேட்டில் பார்க்காமலேயே ஒரு சொல், இரண்டு சொல் என்று கிறுக்கிக்கொண்டால் போதும், வீட்டுக்கு வந்ததும் மீதி நினைவுக்கு வரும். மேடையில் என்ன நடந்தது என்பதை முதலில் எழுதுங்கள். நன்றாக இருந்ததா இல்லையா என்பதைப் பிறகு சொல்லலாம். 'அற்புதமான நடிப்பு' என்று எழுதத் தோன்றினால், அந்த நடிகர் எந்த வரியில் எத்தனை நேரம் மௌனமாக நின்றார், எப்போது திரும்பினார் என்று எழுதிப் பாருங்கள்; பாராட்டு தானாகவே அதில் அமைந்துவிடும். விளக்கமைத்தவர், உடை தைத்தவர், மேடை நிர்வாகி ஆகியோரின் பெயர்களையும், நாளையும் அரங்கையும் மறக்காமல் பதிவு செய்யுங்கள். முடிந்தால் முதல் நாளும் கடைசி நாளும் ஒரே நாடகத்தைப் பாருங்கள். வியாழக்கிழமை தடுமாறிய காட்சி ஞாயிற்றுக்கிழமை எப்படித் தேறியிருக்கிறது என்று பார்ப்பதைப்போல நாடகத்தைக் கற்றுக்கொடுக்கும் பாடம் வேறில்லை.

இந்த ஊரில் நாடக வட்டம் சிறியது. நீங்கள் குறை எழுதிய நடிகரை மறுவாரமே பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் எதிர்மேசையில் சந்திக்க நேரும். அதற்காகக் குறையை விழுங்கிவிடாதீர்கள். அவர் முகத்தைப் பார்த்து எதைச் சொல்ல முடியுமோ அதையே எழுதுங்கள், எழுதியதை முகத்துக்கு நேரே சொல்லவும் தயாராக இருங்கள். நாடகக் குழுவினர் இலவசச் சீட்டு தந்தால் அதை எழுத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள். கூடியவரை காசு கொடுத்துப் போவதே உத்தமம், ஏனென்றால் உங்கள் 40, 50 வெள்ளி (ரிங்கிட்) அவர்களுக்கு உண்மையாகவே தேவைப்படுகிறது. கோலாலம்பூரில் மேடையேற்ற மாநகராட்சியின் அனுமதி வேண்டும், அரங்க வாடகை கட்ட வேண்டும், பெரும்பாலானோர் பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு இரவில் ஒத்திகைக்கு வருகிறார்கள். இவற்றை அறிந்து எழுதுபவரின் கண்டிப்பை அவர்கள் மதிப்பார்கள்.

பினாங்குக்கும் ஒரு பயணம் போடுங்கள். கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, ஃபெரிப் படகில் கடலைக் கடந்தால் ஜார்ஜ்டவுன். 2010இல் தொடங்கிய ஜார்ஜ்டவுன் விழாக் காலத்தில் போனால் பழைய கட்டடங்களுக்குள்ளும் நாடகம் பார்க்கக் கிடைக்கும். டேவான் ஸ்ரீ பினாங்கிலும் என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்கள் பினாங்கில் வந்து இறங்கியதைப் பார்த்துப் பிறந்ததுதான் பங்சாவான் என்ற மலாய் நாடக வகை. தமிழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடக மேடைக்கும் அந்தப் பார்சி மேடையோடு தொடர்புண்டு. வண்ணம் தீட்டிய சீன் படுதாவும் ஆர்மோனியமும் காட்சிகளுக்கு நடுவே வரும் பாட்டும் திருச்சிக்காரராகிய உங்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. பங்சாவான் எங்காவது மேடையேறினால் மலாய் தெரியாது என்று தயங்காமல் முன்வரிசையில் சீட்டு எடுங்கள். வள்ளி திருமணம் பார்த்து வளர்ந்த ஒருவரின் கண்ணுக்கு அந்த மேடை எப்படித் தெரிகிறது என்று இதுவரை நான் எங்கும் படித்ததில்லை. உங்கள் முதல் விமர்சனம் அதுவாக இருந்தால் மிகவும் மகிழ்வேன்.