வாசகர் கேளுங்கள்: படக்கதையில் ஓர் ஊழல் ஊர்

கேள்வி: காவல் துறை முதல் நகராட்சி வரை அனைவரும் விலைபோய்விட்ட சிற்றூரில் நடக்கும் கொலை மர்மத்தைக் காமிக்ஸாக வரைந்து வருகிறேன். கொலையாளியை எப்படி மறைப்பது?
- வாசகர் ஒருவர், மயிலாப்பூர், சென்னை.

பதில்: கொலையாளியை மறைப்பதைவிட ஊரைக் காட்டுவதில் கூடுதல் கவனம் செலுத்துங்கள். துப்பறியும் நிறுவனத்தில் தாமே பணியாற்றிய டாஷியல் ஹாமெட், 1929இல் நூலாக வெளியிட்ட 'ரெட் ஹார்வெஸ்ட்' நாவலில் முதல் கொலையின் மர்மம் வெகு விரைவிலேயே அவிழ்ந்துவிடுகிறது. அதன்பின் ஊரின் அழுகல்தான் நம்மைக் கடைசிவரை இழுத்துச் செல்கிறது.

தடயத்தை வசனத்தில் வைக்காதீர்கள், படத்தில் வையுங்கள். சாட்சியை விசாரிக்கும் ஆய்வாளரின் மேசைமேல் கிடக்கும் சாவிக்கொத்தும், பல பக்கங்கள் கழித்து மணல் லாரி முதலாளியின் விரலில் தொங்கும் சாவிக்கொத்தும் ஒன்றே என்பதை வாசகர் தாமே பின்னோக்கிப் புரட்டிக் கண்டுபிடிக்கட்டும். திரையரங்கில் வாய்க்காத இன்பம் இது. தயவுசெய்து அதை விளக்கிச் சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள்.

அதிர்ச்சி தரும் கட்டம் வலப்பக்கத்தில் இருந்தால் முன்கூட்டியே கண்ணில் பட்டுவிடும் என்பதால், தாளைத் திருப்பியதும் வரும் இடப்பக்கத்தின் முதல் கட்டத்திலேயே அதை அமையுங்கள். வண்ணம் கட்டாயமில்லை, இரவுக் காட்சிகளுக்குக் கறுப்பு மையே போதும்.