ஐந்து கட்டையில் ஊரே பாடுமா?

ஐயா, வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டு முன்கூடத்தில் வாய்ப்பாட்டும் வயலினும் சொல்லிக்கொடுக்கிறேன். சனி, ஞாயிறு வகுப்பு. பெரும்பாலும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள். பேத்தியைக் கொண்டுவந்து விடும் பாட்டி ஒருவர், தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்றவர், வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பார். ஒருநாள் "எனக்கும் சொல்லிக் குடுக்கிறியாம்மா?" என்றார். சேர்த்துக்கொண்டேன். அவரைப் பார்த்து லாரி ஓட்டும் அண்ணன் ஒருவரும் பக்கத்துத் தாமான் அக்கா ஒருவரும் வந்தார்கள். தனித்தனியாக நேரம் ஒதுக்க முடியாததால் எல்லோரையும் பிள்ளைகளோடு உட்காரவைத்து ஐந்து கட்டையில் முதல் பாடமான சரளி வரிசை நடத்துகிறேன்.

இப்போது சிக்கல். பெரியவர்களுக்கு மேல் ஷட்ஜம் (ஸா) எட்டவில்லை, பிள்ளைகள் சிரிக்கிறார்கள். "கெழவிங்ககூட உக்கார வைக்கவா காசு கட்டுறோம்?" என்று ஓர் அப்பா கேட்டுவிட்டார். நன்றாகப் பாடிக்கொண்டிருந்த 13 வயதுப் பையனுக்கும் கொஞ்ச நாளாக ஸ்வரம் நிற்கவில்லை. நிறுத்திவிடலாம் என்கிறார் அவன் அம்மா. சில பெற்றோர் கிரேடு சர்டிபிகேட் கேட்கிறார்கள். பெரியவர்களிடம் கட்டணம் கேட்கக் கூச்சமாகவும் இருக்கிறது. வயதானவர்களைச் சேர்த்தது தப்பா ஐயா?

பெயர் வேண்டாம்.
ஓர் இசை ஆசிரியை

*

வணக்கம் டீச்சர்.

சேர்த்ததில் தப்பே இல்லை. எல்லோரையும் ஐந்து கட்டையில் உட்காரவைத்ததுதான் வம்பு.

பாட்டுப் பழக்கம் இல்லாத வாசகர்களுக்கு ஒரு விளக்கம். ஆர்மோனியத்தில் 'சி' ஒரு கட்டை, 'டி' இரண்டு, அப்படியே போனால் 'ஜி' ஐந்து. இடையில் இருக்கும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை என்று வரும். பாடுகிறவர் தன் ஷட்ஜத்தை எந்தக் கட்டையில் வைத்துக்கொள்கிறாரோ அதுதான் அவருடைய சுருதி. சின்னப் பிள்ளைகளும் பெண்களும் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரையை ஒட்டிப் பாடுவார்கள். ஆண்கள் ஒன்று, ஒன்றரை, இரண்டு.

உங்கள் லாரி அண்ணனை ஐந்து கட்டையில் வைத்தால் மேலே போனால் கத்தல், ஒரு ஸ்தாயி, அதாவது ஸாவிலிருந்து கீழ் ஸா வரை, இறங்கினால் முனகல். பாவம், அவர் எந்தப் பக்கம் போவார்? பாட்டியின் கதை வேறு. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் குரல்நாண் கொஞ்சம் தடித்துக் குரல் இறங்கும். இளவயதில் ஐந்தரையில் பாடியவர் அறுபதில் நாலரைக்கோ நாலுக்கோ வருவது சாதாரணம். கச்சேரி மேடையில் இருக்கிறவர்களே இறக்கிக்கொள்கிறார்கள். மரம் வெட்டிப் பிள்ளை வளர்த்த அம்மா மட்டும் எட்டு வயதுப் பேத்தியின் சுருதியில் பாடிக் காட்ட வேண்டுமா?

எனக்குப் பாட்டு சொல்லித்தந்தவர் முதல் வகுப்பில் என்னைப் பாடச் சொல்லவே இல்லை. என்ன வேலை, எங்கே குடியிருக்கிறாய் என்று ஊர்க்கதை பேசினார். நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை மட்டும் சுருதிப்பெட்டியைத் திருகிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் பெட்டியைச் சத்தமாக வைத்து, "இதிலே ஸா சொல்லு" என்றார். சொன்னேன், தானாகப் போய் உட்கார்ந்தது. அப்புறம்தான் சோதனை. கீழ்ப் பஞ்சமத்துக்கு (பா) இறங்கச் சொன்னார், வெறும் காற்றாக வராமல் எழுத்து கேட்கிறதா என்று பார்த்தார். மேல் காந்தாரத்துக்கு (கா) ஏறச் சொல்லிக் கழுத்து நரம்பைப் பார்த்தார். அரைக் கட்டை இறக்கினார். அவ்வளவுதான். புதிதாக யார் வந்தாலும் நீங்களும் இதைச் செய்யலாம். இப்போது பெட்டிகூட வேண்டாம், கைப்பேசியில் தம்புரா செயலி இருக்கிறது. அவரவர் கட்டையை அவரவர் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொடுத்துவிடுங்கள். வீட்டுச் சாதகமும் (பயிற்சியும்) அதே கட்டையில்தான் நடக்க வேண்டும். கீபோர்டைத் தட்டித் தட்டி ஸ்வரம் காட்டும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், சொல்லிவிடுகிறேன், எனக்கு அது பிடிக்காது. ஸா, பா மட்டும் ஒலிக்கட்டும். மீதியை அவர்கள் காதால் தேடட்டும்.

பெரியவர்களுக்கு இன்னொரு தொல்லை மூச்சு. முதல் காலத்தில் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையையும் ஒரே மூச்சில் பாடச் சொல்வது நம் வழக்கம். பாட்டிக்கு அது வேண்டாம். நான்கு எண்ணிக்கை லகு முடிந்ததும், ச ரி க ம என்றதும், மூச்சு எடுக்கட்டும். பிறகு இரண்டிரண்டு எண்ணிக்கையாக இரண்டு திருதம். தாளம் உடையாது, பாட்டியும் திணறமாட்டார்.

அதைவிட முக்கியம், அவரை சரளி வரிசையில் தொடங்காதீர்கள். மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் பாடம் என்பது புரந்தரதாசர் போட்டுத்தந்த பாதை என்று சொல்வார்கள். ஒன்றும் தெரியாத பிள்ளைக்கு அது அருமையான பாதை. உங்கள் பாட்டி ஒன்றும் தெரியாதவர் இல்லை. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் எத்தனை தாலாட்டு, எத்தனை காவடிப் பாட்டு கேட்டிருப்பார், கூடவே பாடியிருப்பார்! வெள்ளிக்கிழமை பஜனை இருக்கிறது, வானொலி இருக்கிறது. தெரிந்த பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லுங்கள். எந்த இடத்தில் நிம்மதியாக நிற்கிறாரோ, பெரும்பாலும் அது அவருடைய ஸா. முதல் இரண்டு வரியை ஸ்வரமாக எழுதித் திருப்பிப் பாடிக் காட்டுங்கள். 'நான் பாடினதா இது?' என்று கேட்பார் பாருங்கள். சரளி வரிசை அதற்கப்புறம் வரட்டும், அப்போது அதன் உபயோகம் அவருக்கே தெரியும்.

பையனை நிறுத்தவே கூடாது. அது மகரக்கட்டு. குரல்வளை வளர்கிறது, குரல்நாண் நீளுகிறது, ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கப்போகிறது. வழியில் சில மாதம் தொண்டை சொன்ன பேச்சைக் கேட்காது. இந்த நேரத்தில் மேல் ஸ்தாயிக்கு விரட்டினால் கெடும், சுத்தமாக நிறுத்தினாலோ திரும்பி வரமாட்டான். நான்கைந்து ஸ்வரத்துக்குள், மெதுவாக, வகுப்பில் ஐந்து நிமிடம் பாடட்டும்; ஷட்ஜத்தை மாதத்துக்கொரு முறை பார்த்து இறக்குங்கள். மீதி நேரத்தில் கொன்னக்கோல் சொல்லிக்கொடுங்கள். தகதிமி, தகிட என்று வாயால் சொல்வதற்குச் சுருதி தேவையில்லை. தாளத்தின் ஐந்து நடையும் கைவசம் வந்துவிட்டால் குரல் திரும்பும்போது மற்றவர்களைவிட முன்னால் நிற்பான். (உங்கள் ஊரில் அந்த வயதுப் பையன்களில் பாதிப் பேர் உறுமி மேளத்தில் இருப்பார்கள். இவனும் இருந்தால் திட்டாதீர்கள். அங்கே அடிப்பதை இங்கே சொல்லிக் காட்டச் சொல்லுங்கள்.)

அந்த அப்பாவைப் பற்றி. பேச்சு மோசம். ஆனால் உள்ளே ஒரு நியாயம் இருக்கிறது. பெரியவர்கள் எட்டாத ஸ்வரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அவர் பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தது. ஆகவே வயதைப் பார்த்துப் பிரிக்காமல் சுருதியைப் பார்த்துப் பிரியுங்கள். பிள்ளைகள் ஐந்தில் இருக்கட்டும். பாட்டியும் அக்காவும் நாலரையில் சேர்ந்தால் ஒரு வகுப்பு. லாரி அண்ணனுக்குத் தனியாக இருபது நிமிடம், பிள்ளைகள் வருவதற்கு முன். ஒருமணி நேரக் கும்பல் வகுப்பைவிட இருபது நிமிடத் தனி வகுப்பு அவருக்கு அதிகம் கொடுக்கும். பையன் இப்போதைக்குத் தனி; குரல் ஒன்றரையில் நின்றுவிட்டால் அண்ணனோடு சேர்த்துவிடுங்கள்.

கட்டணம்: வாங்குங்கள். எல்லோரிடமும், மாத ஆரம்பத்தில், நேரக் கணக்கில். பாட்டியால் முடியாதென்றால் குறைத்து வாங்குங்கள், இலவசம் மட்டும் வேண்டாம். இலவச வகுப்புக்கு மழை பெய்தாலே ஆள் வராது. அதோடு உங்களுக்கும் வீட்டு வாடகை இருக்கிறது.

கிரேடு சர்டிபிகேட் கேட்பவர்களிடம், அவர்கள் சொல்லும் எட்டு கிரேடும் பிரிட்டிஷ் வாரியத்தின் மேற்கத்திய இசைத் தேர்வு, நான் நடத்துவது கர்நாடக சங்கீதம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அதிலும் குறுக்குவழி கிடையாது. அந்த வாரியமான ஏபிஆர்எஸ்எம்மில் கோட்பாட்டில் 5ஆம் கிரேடோ அதற்கு இணையான ஒன்றோ முடிக்காமல் வாசிப்பில் 6ஆம் கிரேடுக்கு உட்கார முடியாது. அந்தத் தேர்வுதான் வேண்டும் என்கிறவர்களை ஈப்போவுக்கு அனுப்புங்கள், கோபமில்லாமல்.

வயலின் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்கிறேன். எட்டு வயதுப் பிள்ளைகள் தங்கள் வீட்டு அண்ணனின் முழு அளவு வயலினை வைத்துக்கொண்டு வருகிறார்களா? கை நீட்டி அளந்து பாருங்கள். அந்த வயதுக்குக் கால், அரை அளவுதான் பொருந்தும். வில்லை வாசித்து முடித்ததும் தளர்த்தி வைக்கிறார்களா என்பதையும் பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்குச் சின்ன வயலினும் கெட்டுப்போகும். அந்தப் பாட்டி எந்தப் பாட்டைப் பாடினார் என்று எழுதுங்கள்.