வீட்டுப் பக்கத்து ஓவலில் மட்டும் கார் ஏன் சுற்றுகிறது?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம், கான்கார்டிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகனுக்கு 20 வயது. லிமிடெட் லேட் மாடல் என்ற பிரிவில் ஸ்டாக் கார் (சாதாரணக் காரின் உருவில் செய்த பந்தயக் கார்) ஓட்டத் தொடங்கி இது இரண்டாவது ஆண்டு. வெளியூர்த் தடங்களில் முதல் எட்டு இடங்களுக்குள் வந்துவிடுகிறான். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஹிக்கரி ஓவலில் (நீள்வட்டப் பந்தயத் தடத்தில்) மட்டும், இரண்டு முறையும் பந்தயத்தின் பாதியில், நான்காம் வளைவை விட்டு வெளியே வரும்போது பின்பக்கம் வீசிக் கார் சுற்றிவிட்டது. "மதியப் பயிற்சியில் நன்றாக ஓடுகிறது. பந்தயத்தில் பின்பக்கம் நிற்கவில்லை என்கிறான். காரை இன்னும் டைட் ஆக்கிப் பார்த்தோம், இன்னும் மோசமானது. ஜூலைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை இரவு மறுபடி அங்கே ஓடுகிறான். உறவினர், நண்பர் என்று இருபது பேர் பார்க்க வருகிறார்கள். கூடுதல் பயிற்சி வேண்டுமா? புது டயர், ஸ்பிரிங் வாங்கலாமா? அந்த வெயிலுக்கு என்ன கொடுப்பது?" என்பது கேள்வி.

ஸ்பிரிங் வாங்க வேண்டாம். முதலில் அந்தச் சுழற்சியைப் பார்ப்போம்.

வளைவில் முன்பக்கம் திரும்ப மறுத்து வெளிச்சுவரை நோக்கிப் போனால் கார் டைட். பின்பக்கம் வழுக்கி முன்பக்கத்தை முந்தப் பார்த்தால் லூஸ். உங்கள் மகன் வெளியேறும்போது லூஸ் என்கிறான், நீங்கள் டைட் ஆக்குகிறீர்கள். கேட்டால் சரியாகத்தான் தோன்றும். ஆனால் டைட் ஆக்க ஆக்க நிலைமை மோசமாகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உங்கள் கார் வளைவின் நடுவில் டைட்டாக இருக்கிறது. திரும்பாத காரைத் திருப்ப அவன் ஸ்டியரிங்கை மேலும் மேலும் ஒடிக்கிறான். வேகம் குறைந்ததும் முன் டயர்களுக்குத் திடீரென்று பிடிப்பு வருகிறது. அந்த நேரம் ஸ்டியரிங் அளவுக்கு மீறி ஒடிந்திருக்கிறது, காலும் ஆக்ஸிலரேட்டரில் இறங்கியிருக்கிறது. பின்பக்கம் வீசாமல் என்ன செய்யும்? ஓட்டுநருக்கு நினைவில் நிற்பது கடைசியில் வீசியது மட்டும்தான். அவன் பொய் சொல்லவில்லை, பாதிக் கதையைச் சொல்கிறான்.

இதைச் சரிபார்க்கச் செலவில்லை. காருக்குள் இருக்கும் கேமராப் பதிவை எடுத்துக்கொண்டு, சாலையைப் பார்க்காமல் அவன் கைகளை மட்டும் பாருங்கள். வளைவின் நடுவில் கைகள் ஒருமுறை திரும்பிவிட்டு மறுபடியும் கூடுதலாகத் திரும்பினால் நான் சொன்னது உறுதி. பயிற்சி முடிந்து உள்ளே வந்த உடனே வலது முன் டயரின் வெப்பத்தையும் வலது பின் டயரின் வெப்பத்தையும் ஊசி வெப்பமானியால் அளந்து பாருங்கள். முன் டயர் தெளிவாகக் கூடுதல் சூட்டில் இருந்தால், வேலை முழுவதையும் அது ஒன்றே சுமக்கிறது என்று பொருள்.

அப்படியானால் மற்ற ஊர்களில் ஏன் இப்படி ஆகவில்லை? இரண்டு காரணங்கள் தெரிகின்றன. ஒன்று தார், இன்னொன்று கேலரி, அதாவது பார்க்க வரும் கூட்டம்.

ஹிக்கரி 1951-இல் மண் தடமாகத் திறக்கப்பட்டு, 1967-இல் தார் போடப்பட்ட ஓவல். இன்றைய சுற்றளவு 0.363 மைல், அதாவது 600 மீட்டருக்கும் குறைவு. நெட் ஜாரெட்டும் அவர் மகன் டேல் ஜாரெட்டும் ஓட்டத் தொடங்கிய இடம் அது. அப்பாவும் மகனும் பின்னாளில் அமெரிக்க ஸ்டாக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் உச்சப் பட்டத்தையே வென்றவர்கள். அங்கே ஜூலை மாத மதியப் பயிற்சியில் தார் கொதிக்கும், பிடிப்பு குறையும், கார்கள் லூஸாக இருக்கும். இரவில் தார் ஆறியதும் பிடிப்பு திரும்பும், பெரும்பாலான கார்கள் டைட் பக்கம் சாயும். சார்லட்டில் நடக்கும் 600 மைல் பந்தயத்தைப் பாருங்கள். மாலை வெயிலில் தொடங்கி இரவில் முடியும். அதில் டயர் மாற்றவும் எரிபொருள் நிரப்பவும் உள்ளே வரும் ஒவ்வொரு பிட் நிறுத்தத்திலும் காரை மாற்றிக்கொண்டே போவது இதற்காகத்தான். உங்கள் பந்தயத்தில் நடுவே நிறுத்தி மாற்ற வாய்ப்பு மிகக் குறைவு. எனவே மதியத்தில் கார் கொஞ்சம் லூஸாக, சற்றே சங்கடமாக இருக்கும் நிலையிலேயே விட்டுவிட வேண்டும். மதியமே கச்சிதமாக ஓடும் கார் இரவு எட்டு மணிக்கு டைட்டாகிவிடும்.

எதை மாற்றுவது? கிராஸ் வெயிட்டில் தொடங்குங்கள். வலது முன் சக்கரமும் இடது பின் சக்கரமும் சேர்ந்து தாங்கும் எடை, மொத்த எடையில் எத்தனை சதவீதம் என்பதே அது. இடப்பக்கம் மட்டுமே திரும்பும் ஓவலில் அது கூடினால் கார் டைட்டாகும். நீங்கள் கூட்டிக்கொண்டே போயிருப்பீர்கள். வெளியூரில் நன்றாக ஓடிய நாளின் எண்ணுக்குத் திரும்பி, அங்கிருந்து அரை அரை சதவீதமாகக் குறைத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். பிரேக் விசை முன்பக்கம் அதிகமாகப் போகிறதா என்பதையும் பாருங்கள், வளைவுக்குள் நுழையும்போதே டைட் ஆவதற்கு அதுவும் காரணமாகலாம்.

அப்புறம் ஸ்டேகர். மேசையில் ஒரு டம்ளரைப் படுக்க வைத்து உருட்டினால், அகன்ற வாய் வெளிப்பக்கம் இருக்க அது வட்டமடிக்கும். வலது பின் டயரின் சுற்றளவை இடது பின் டயரைவிடக் கூட்டி வைப்பது இதே காரணத்துக்காகத்தான். இந்தச் சுற்றளவு வித்தியாசம்தான் ஸ்டேகர், அது ஓடும்போது மாறும். வலப்பக்க டயர்கள் அதிகம் சூடாகும், காற்றழுத்தம் கூடும், டயர் வளரும். குளிர்ந்த நிலையில் அளந்ததை மட்டும் எழுதிவைத்தால் பாதிக் கணக்குதான். 25 சுற்று ஓடி வந்த பிறகு நான்கு டயரின் அழுத்தத்தையும் பின் டயர்களின் சுற்றளவையும் மறுபடி அளந்து எழுதுங்கள்.

கூடுதல் பயிற்சியைப் பற்றிய கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஹிக்கரியின் பழைய தார் டயரைத் தின்னும். மூன்று நான்கு சுற்றாகப் பத்து முறை ஓடுவதைவிட, 25 சுற்று ஒரே மூச்சில் ஒரு முறை ஓடுவது மேல். முதல் ஐந்து சுற்றின் நேரத்துக்கும் கடைசி ஐந்து சுற்றின் நேரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். அந்த வித்தியாசத்தைக் குறைப்பதுதான் வேலை. ஒரே ஒரு சுற்றின் வேகத்தைப் பார்த்து மகிழ வேண்டாம். புது டயர் எத்தனை அனுமதி என்பது உங்கள் வகுப்பின் விதியில் இருக்கும், அதற்குள் நில்லுங்கள்.

இனி கேலரி. இருபது பேர் பார்க்கிறார்கள் என்றால் பிள்ளை முதல் பதினைந்து சுற்றிலேயே நான்கு காரை முந்தப் பார்ப்பான். ஒவ்வொரு வளைவுக்குள்ளும் இரண்டு கார் நீளம் கூடுதலாகப் போய்ப் பிரேக் பிடிப்பான். வலது முன் டயர் வெந்துவிடும். வெந்த டயர் திரும்பாது, அவன் ஸ்டியரிங்கை ஒடிப்பான், பிறகு நடப்பதைத்தான் நீங்கள் இரண்டு முறை பார்த்தீர்கள். காரின் கோளாறும் மனத்தின் அவசரமும் ஒரே டயரில் வந்து சேருகின்றன.

சொந்த மண்ணின் பாரம் பெரிய ஓட்டுநர்களையும் விட்டதில்லை. நாஸ்கார் ஓட்டுநர் டோனி ஸ்டூவர்ட் இண்டியானா மாநிலத்துக்காரர். இண்டியானாபொலிஸில் வெல்ல வேண்டும் என்பது அவருக்குச் சிறுவயதுக் கனவு. 2002-இல் அங்கே தோற்றுத் திரும்பியபோது ஒரு புகைப்படக்காரரை அடித்துவிட்டு அபராதமும் கண்டிப்பும் வாங்கினார். அந்த ஆண்டின் சாம்பியன் பட்டத்தை வென்றவரே அவர்தான்! அவ்வளவு திறமை இருந்தும் அந்த ஒரு ஊர் அவரை நிலைகுலைய வைத்தது. 2005-இல் அங்கே வென்றதும் வேலிக் கம்பியில் ஏறிக் கொண்டாடினார். உங்கள் மகனுக்கு இதைச் சொல்லுங்கள். பதற்றம் வருவது குறையில்லை, அதற்கு ஓர் ஏற்பாடு இல்லாமல் போவதுதான் குறை.

நான் சொல்லும் ஏற்பாடு இது. ஹிக்கரியை 500 மைல் தள்ளி இருக்கும் ஊராக நினைத்துப் புறப்படுங்கள். வெளியூர் என்றால் வியாழன் இரவே டிரெய்லரில் ஏற்றிப் பூட்டிவிடுவீர்கள், அதற்கு மேல் காரில் யாரும் கை வைக்க முடியாது. பக்கத்து ஊர் என்றால் சனிக்கிழமை காலை வரை "இன்னும் ஒரே ஒரு மாற்றம்" என்று யாராவது சொல்வார்கள். எங்கள் பட்டறையும் ஒரு தடத்துக்குக் கால் மணி நேரத் தொலைவில்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வலது முன் ஸ்பிரிங்கை மாற்றினோம். அவசரத்தில் முன் சக்கரங்களின் டோ அளவை (அவை உள்நோக்கியோ வெளிநோக்கியோ எவ்வளவு திரும்பி நிற்கின்றன என்பதை) திரும்பப் பார்க்கவில்லை. அன்று கார் நேர்ப்பாதையிலேயே அலைந்தது. ஓட்டிய பையன் தன் கை சரியில்லை என்று இரவெல்லாம் வருந்தினான். தவறு எங்களுடையது. அதன் பிறகு வியாழன் இரவுக்கு மேல் காரைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

ஆட்களுக்கும் அதே கணக்கு. டிக்கெட், வண்டி நிறுத்துமிடம், யார் யாரோடு வருகிறார்கள் என்பதையெல்லாம் குடும்பத்தில் ஒருவர் ஏற்கட்டும், சித்தப்பாவோ மாமாவோ யாராவது. மகனின் போன் சனிக்கிழமை மதியம் முதல் அவரிடம் இருக்கட்டும். சொந்தக்காரர்கள் அவனைப் பந்தயம் முடிந்த பிறகு பார்க்கட்டும். அம்மா வந்து "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்பதில் தப்பில்லை. "இந்தத் தடவை ஜெயிச்சிடுவே இல்ல?" என்ற கேள்வி மட்டும் வேண்டாம்.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், இது உயிர் சம்பந்தப்பட்டது. ஜூலையில் காருக்குள் 50 டிகிரி செல்சியஸைத் தொடலாம். அதில் தீக்காப்பு உடை, கையுறை, ஹெல்மெட். பந்தய நாளில் மட்டும் தண்ணீர் குடித்தால் உடல் ஈடு கொடுக்காது, வெள்ளிக்கிழமை காலையிலேயே தொடங்க வேண்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறான் என்று கொள்ளலாம். வெறும் தண்ணீரோடு உப்பும் வேண்டும். நம் வீட்டு உப்புப் போட்ட நீர்மோர் வெள்ளிக்கிழமைக்கு மிக நல்லது. சனிக்கிழமை மாலை வயிற்றில் புதிதாக எதையும் சோதிக்காதீர்கள், பழகிய உப்புப் பானமே போதும். பந்தயத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு எளிய சாப்பாடு, இட்லியோ சாதமோ, எண்ணெய் குறைவாக. பயிற்சிக்கு முன்னும் பின்னும் அவனை எடை பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது, பந்தயத்துக்கு முன் கொஞ்சம் கொஞ்சமாக அதை ஈடுகட்ட வேண்டும்.

ஓட்டிவிட்டு இறங்கும்போது தலைவலி, குமட்டல் இருந்தால் வெயில் என்று விட்டுவிடாதீர்கள். கார்பன் மோனாக்ஸைடாகவும் இருக்கலாம். நாஸ்கார் ஓட்டுநர் ரிக் மாஸ்ட் அந்த நச்சுப் பாதிப்பால்தான் 2002-இல் ஓட்டத்தையே விட்டார். இரண்டு முறை சுற்றிய கார் உங்களுடையது. எங்காவது மோதியிருந்தால் தரைத்தகடு, முன் தடுப்புத் தகடு இவற்றின் மூட்டுகள் பிரிந்திருக்கும். இருட்டில் காருக்குள் ஒருவர் உட்கார, வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் வரும் இடமெல்லாம் புகையும் வரும். அவற்றை அடைத்துவிடுங்கள், புகைக்குழாய் இணைப்புகளையும் பாருங்கள்.

அதே நேரத்தில் பெல்ட்டின் தேதிச் சீட்டையும் கழுத்துப் பாதுகாப்புக் கருவியின் தேதியையும் படித்துவிடுங்கள். உங்கள் ஊருக்கு அடுத்த கன்னாபொலிஸில் பிறந்த நாஸ்கார் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் 2001 பிப்ரவரியில் டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில் மோதி இறந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் நாஸ்கார் தன் பெரிய தொடர்களில் கழுத்துப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. உள்ளூர்ப் பந்தயம்தானே என்று பழைய பெல்ட்டோடு அனுப்ப வேண்டாம். புது ஸ்பிரிங்குக்கு வைத்திருந்த பணம் தேவைப்பட்டால் இதற்குப் போகட்டும்.

பந்தயத்தின் முதல் பதினைந்து சுற்றுக்கு அவனுக்கு ஒரே வேலை கொடுங்கள்: வளைவுக்கு முன் பழக்கமானதைவிடக் கொஞ்சம் முன்னதாகக் காலை எடுப்பது. மேலிருந்து பார்த்து ரேடியோவில் வழி சொல்லும் ஸ்பாட்டரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். ரேடியோவில் "எத்தனையாவது இடம்" என்று அவன் கேட்டால், அந்தப் பதினைந்து சுற்றுக்குப் பதில் சொல்ல வேண்டாம்.