போனை வாங்கி வைக்கலாம், திறந்து பார்க்கலாமா?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: "மகன் தரம் 11. பையில் போன் இருந்ததென்று ஆசிரியர் வாங்கிக்கொண்டார். லொக்கைத் திறக்கச் சொல்லி வாட்ஸ்அப்பையும் படித்திருக்கிறார். சாதாரண தரப் பரீட்சை முடிந்த பிறகுதான் தருவோம் என்கிறார் அதிபர். வீட்டில் இருப்பது அந்த ஒரு போன்தான். கொழும்பில் வேலை செய்யும் அவனுடைய அப்பா அதில்தான் பேசுவார். இப்படிச் செய்ய அவர்களுக்கு உரிமை இருக்கிறதா?"

உங்களுக்குப் பிடிக்காததை முதலில் சொல்லிவிடுகிறேன். போன் கொண்டுவரக் கூடாது என்று பாடசாலை விதி வைக்கலாம். மீறிக் கொண்டுவந்தால் வாங்கி வைக்கவும் செய்யலாம். "கொரோனா நேரத்தில் சிக்னல் தேடி மலை ஏறவைத்தவர்கள்தானே இவர்கள்" என்று பெற்றோர் கோபப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் அன்று வகுப்பே போனில்தான் நடந்தது. அதிபரிடம் அந்த வாதம் எடுபடாது.

ஆனால் எவ்வளவு நாள் வைத்திருப்பது? போன் உங்கள் பணத்தில் வாங்கியது. வாங்கி வைத்ததால் அது பாடசாலைக்குச் சொந்தமாகிவிடாது. பெற்றோரை அழைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைப்பதே முறை. மாதக்கணக்கில் அலுமாரியில் பூட்டி வைத்து, இடையில் திரை உடைந்தால் யார் பொறுப்பு?

திறந்து பார்த்தது இன்னும் பாரதூரமானது. அந்த வாட்ஸ்அப்பில் உங்கள் மகன் மட்டுமா இருக்கிறான்? அப்பா சம்பளம் பற்றிச் சொன்னது, அக்காவின் படங்கள், எல்லாம் அதற்குள் இருக்கும். ஆசிரியர் முன்னால் நின்று "திற" என்றால் 16 வயதுப் பிள்ளை திறக்கத்தான் செய்வான். அதைச் சம்மதம் என்று நான் எடுக்கமாட்டேன். யாரையாவது மிரட்டியது, ஆபாசப் படம் பரப்பியது போன்ற சந்தேகம் இருந்தால்கூட, ஆசிரியர் தானே தோண்டக் கூடாது. போனை அணைத்து வைத்து, பெற்றோரைக் கூப்பிட்டு, தேவைப்பட்டால் பொலிஸாரிடம் கொடுக்க வேண்டும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. நாளைக்கே போய் சிம்மையாவது கேட்டு வாங்குங்கள். வேறொரு பழைய போனில் போட்டால் அப்பாவின் அழைப்பு வந்துவிடும். பிறகு அதிபருக்குத் தமிழிலேயே ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தத் திகதியில், யார் வாங்கினார், போனின் நிறம், பெட்டியில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள 15 இலக்க ஐஎம்ஈஐ எண், எல்லாவற்றையும் குறிப்பிட்டு, "நான் நேரில் வந்து பெற்றுக்கொள்கிறேன்" என்று முடியுங்கள். பிரதியில் கையொப்பமும் திகதியும் வாங்க மறக்காதீர்கள். அந்தப் பிரதி கையில் இல்லாமல் என்னிடம் வருபவர்கள்தான் அதிகம்.

பதில் வராவிட்டால் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதுங்கள். விதி எழுத்தில் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

போனை வாங்கும்போது அடித்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. அடித்திருந்தால் கதையே வேறு. ஆசிரியர் அறைந்து மாணவனின் காது பாதிக்கப்பட்ட வழக்கில், சித்திரவதையையும் கொடூரமான, இழிவான நடத்துகையையும் தடை செய்யும் அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் 2021 இல் தீர்ப்பளித்தது. அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம், தள்ளிப்போடாதீர்கள். சிறுவர்களுக்கான 1929 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

அப்புறம், அன்று போனை ஏன் கொண்டுபோனான் என்று மகனிடம் கேளுங்கள். பின்னேர வகுப்பு முடிந்து, கடைசி பஸ்ஸில் இறங்கி, இருட்டில் லயத்துக்கு நடந்து வருகிற பிள்ளையென்றால் அதையும் கடிதத்தில் எழுதுங்கள். காலையில் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, பாடசாலை விட்டுப் போகும்போது வாங்கிக்கொள்ள அனுமதி கேட்டால் பெரும்பாலான அதிபர்கள் மறுக்கமாட்டார்கள்.