டிராவலர் லேசர் ரைஃபிளை டி அண்ட் டி ஆட்டத்துக்கு மாற்றுவது எப்படி?

கேள்வி: டிராவலர் என்ற விண்வெளிக் கதை ஆட்டத்தில் (மேசையில் பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடுவது) வரும் லேசர் ரைஃபிளை, அதே வகையான என் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) 5-ஆம் பதிப்பு ஆட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். கேரக்டர்கள் எல்லாரும் 5-ஆவது லெவல். நேரடி சூத்திரம் ஏதாவது உண்டா?

பதில்: சூத்திரம் கிடையாது. இருப்பதாக யாராவது சொன்னாலும் நம்ப வேண்டாம். துப்பாக்கியின் எண்ணை அப்படியே இடம் மாற்றிப் பயனில்லை. அதில் ஒரு சூடு பட்டவனுக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் மாற்ற வேண்டும்.

ஒரு வேடிக்கை பாருங்கள். மோங்கூஸ் வெளியிட்ட டிராவலர் 2-ஆம் பதிப்பில் சாதாரண லேசர் ரைஃபிளுக்கு 5டி, அதாவது ஐந்து ஆறுமுகப் பகடை. கர்ப்ஸ் என்ற இன்னொரு ஆட்டத்தின் 4-ஆம் பதிப்பிலும் லேசர் ரைஃபிளுக்கு 5டி. 1987-இல் வெஸ்ட் எண்ட் கேம்ஸ் போட்ட ஸ்டார் வார்ஸ் ஆட்டத்தில் லேசர் மாதிரியான பிளாஸ்டர் ரைஃபிளுக்கும் அதே 5டி. சராசரி 17.5. கவசம் இல்லாத சாதாரண ஆள் மூன்றிலும் ஒரே அடியில் விழுகிறான், அல்லது விழும் நிலைக்கு வருகிறான். அப்படியே காப்பி அடித்தால் போதும் என்றுதான் தோன்றும்.

கவசம் வந்ததும் கதை மாறிவிடும். டிராவலரில் 8 புள்ளி தடுக்கும் கிளாத் கவசம் போட்டவனுக்கு 9.5 தான் உள்ளே போகும். அங்கே அடி உடல் திறன்களின் எண்ணையே குறைக்கும்: எண்டியூரன்ஸ் (தாங்குதிறன்) 7-உம் காலி, ஸ்ட்ரெங்த்திலோ (வலிமை) டெக்ஸ்டெரிட்டியிலோ (லாவகம்) கொஞ்சம் போகும், ஆனால் ஆள் நிற்பான். கர்ப்ஸில் லேசர் கவசத்தைப் பாதியாக்கிவிட்டுத்தான் நுழையும். 12 புள்ளி தடுக்கும் கவசம் 6 ஆகி, 10 ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி) உள்ளவன் பூஜ்யத்துக்குக் கீழே போய், சுயநினைவோடு இருக்கிறானா என்று பகடை உருட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். ஸ்டார் வார்ஸில் ஸ்டார்ம்ட்ரூப்பர் என்ற சிப்பாயின் கவசம் லேசர் மாதிரியான ஆயுதங்களுக்கு எதிராக, அடியைத் தாங்க ஒரு பகடைதான் கூடுதலாகத் தரும். காயம்பட்டான் என்பதோடு முடியும்.

டி அண்ட் டி-யில் இந்தக் கணக்கே கிடையாது. அங்கே கவசம் அடியைக் குறைக்காது, படுவதைத்தான் தடுக்கும். அதனால் கவசத்தைத் துளைக்கும் குணத்தைக் கொண்டுவர முயலாமல் விட்டுவிடுங்கள். தலைவலி மிச்சம்.

சரி, உங்கள் ஆட்டத்துக்கு வருவோம். டி அண்ட் டி-யின் விதிப்புத்தகமான 2014 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடிலேயே லேசர் ரைஃபிள் இருக்கிறது: 3டி8, அதாவது மூன்று எட்டுமுகப் பகடை, சராசரி 13.5. முதல் லெவல் ஃபைட்டருக்கு (போர்வீரன்) 12 ஹிட் பாயிண்ட் என்றால் ஒரே அடியில் தரை. 5-ஆவது லெவலில் அவனுக்கே 44 இருக்கும். மூன்று அடி தாங்குவான், நாலாவதில்தான் விழுவான். டிராவலரில் அந்தத் துப்பாக்கியைப் பார்த்ததும் மேசையில் விழுகிற அமைதி இங்கே விழாது. 2007-இல் வந்த ஸ்டார் வார்ஸ் சாகா பதிப்பும் பிளாஸ்டர் ரைஃபிளுக்கு 3டி8 தான் வைத்தது. ஆனால் சுடுபவனின் லெவலில் பாதியை அடியின் எண்ணோடு கூட்டச் சொன்னதால் ஆயுதம் ஓரளவுக்குக் கூடவே வளர்ந்தது.

கவசம் போட்ட ஆளை டிராவலர் லேசர் ஏறக்குறைய இரண்டு அடியில் மயக்கமாக்கும். உங்கள் ஃபைட்டருக்கும் அதே பயம் வேண்டுமென்றால் 5டி8 வையுங்கள், சராசரி 22.5, இரண்டு அடிக்கு 44 தீரும்.

ஆனால் இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். 5-ஆவது லெவலில் ஃபைட்டருக்கு ஒரு சுற்றில் இரண்டு தாக்குதல் கிடைக்கும். ரோக் (திருடன் மாதிரியான கேரக்டர்) கையில் கொடுத்தால் ஸ்னீக் அட்டாக் என்ற கூடுதல் அடி 3டி6 அதன்மேல் ஏறும். செத்த எதிரியின் ரைஃபிளை உங்கள் ஆட்கள் எடுக்காமலா விடுவார்கள்? அடுத்த சண்டையிலேயே உங்கள் டிராகன் பாவம். அதனால் குறுக்குவில்லுக்கு இருக்கும் லோடிங் விதியை இதற்கும் போட்டு, ஒரு ஆக்‌ஷனுக்கு ஒரே சூடு என்று வைத்துவிடுங்கள்.

பாட்டரியையும் இறுக்கிப் பிடியுங்கள். அதே கைடில் 6டி8 அடிக்கும் ஆண்டிமேட்டர் ரைஃபிளுக்கு இரண்டே இரண்டு சூடுதான். 3டி8 லேசருக்கு 30. உங்கள் 5டி8-க்கு நான் ஆறு கொடுப்பேன். சார்ஜ் போட மின்சாரமில்லாத உலகமாக இருந்தால் அந்த ஆறோடு சரி.

தூரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், கைடில் உள்ள 100/300 அடியே (100 வரை எளிதாக, 300 வரை சிரமப்பட்டு) போதும். அங்குலத்துக்கு ஐந்தடி என்று கட்டம் போட்டால் 300 அடி என்பது ஐந்தடி நீள மேசை. அதற்குமேல் சுட வேண்டுமென்றால் மினியேச்சரை சோபாவில்தான் வைக்க வேண்டும்.