அமெரிக்கக் கல்லூரி அணியின் எல்லா ஆட்டங்களையும் ஒரே செயலியில் ஏன் பார்க்க முடிவதில்லை?

இதன் வேர் 1984-இல் இருக்கிறது. அதுவரை கல்லூரி அமெரிக்கக் கால்பந்தின் ஒளிபரப்பு, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் கையில். ஓர் அணி எத்தனை முறை டிவியில் வரலாம் என்பதற்குக்கூட வரம்பு. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அப்புறம் படிப்படியாக ஒவ்வொரு கூட்டமைப்பும் (தங்களுக்குள் போட்டியிடும் கல்லூரிகளின் குழு) தன் உரிமையைத் தனியாக விற்க ஆரம்பித்தது. பிக் டென் என்ற கூட்டமைப்பின் ஆட்டங்கள் இன்று ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி என்று பல சேனல்களில் சிதறிக் கிடக்கின்றன. சில, பீகாக் என்ற ஸ்ட்ரீமிங் செயலியில் மட்டும்தான்.

இன்னொரு சிக்கல்: உங்கள் அணி வெளியூரில் ஆடினால் உரிமை பெரும்பாலும் எதிரணியின் கூட்டமைப்புக்கு. சந்தா கட்டிய ரசிகரே ஆட்டத்தைத் தவறவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. சின்னக் கல்லூரிகள் இதில் எவ்வளவோ மேல். என்சிஏஏ-வின் மூன்றாம் நிலைப் பிரிவான டிவிஷன் 3-இல் பல, தங்கள் தளத்திலேயே இலவசமாகக் காட்டுகின்றன.