நீங்கள் படம் எடுக்காத அந்த ஒரு தாள்

கேள்வி: அம்மா, எங்கள் கொள்ளுத்தாத்தா 1902 இல் வட ஆற்காட்டிலிருந்து கிர்மிட்டில், அதாவது ஐந்து வருஷக் கூலி ஒப்பந்தத்தில், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்தவர். வடக்குக் கடற்கரைப் பக்கம் கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருஷம் உழைத்தார். பிறகு உம்கேனி ஆற்றோரம் ஸ்பிரிங்பீல்டில் குத்தகை நிலத்தில் கத்தரி, மிளகாய், பீன்ஸ் போட்டார். மூன்று பவுன் வரி கட்டாததற்காக மூன்று முறை ஜெயிலுக்குப் போயிருக்கிறார். குடியும் உண்டு. 1914க்குப் பிறகு அவர் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்துக்கு நான்கு தடவை போய் 31 பக்கம் போட்டோ எடுத்து வந்தேன். 1909 இல் அவர் மனைவி கைக்குழந்தையோடு டர்பனுக்கு நடந்துபோய், கிர்மிட் ஆட்களின் புகாரைக் கேட்கும் அரசாங்க அதிகாரியான புரொடெக்டரின் ஆபீசில், குடித்துவிட்டு அடிக்கிறார் என்று அவர்மேல் புகார் கொடுத்த தாளும் ஒரு கோப்பில் இருந்தது. அது குடும்ப விஷயம் என்பதால் எடுக்கவில்லை. என் தாத்தா 1908 இல் பிறந்தவர், 1917 வெள்ளத்தில் தப்பிப் பிழைத்தவர். பழைய ஆட்களில் 86 வயதுப் பெரிய அத்தை மட்டும் இருக்கிறார். டிசம்பரில் குடும்பம் கூடும்போது, அட்டையில் அவரை விவசாயி என்று போட்டு ஒரு புத்தகம் கொண்டுவரப்போகிறேன். ஜெயிலையும் குடியையும் விட்டுவிடு என்கிறார்கள் சொந்தக்காரர்கள். எழுதினால்தானே அவர் பட்ட பாடு புரியும் என்கிறேன் நான். எது சரி?
— ஒரு வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்:

தம்பி, ஜெயிலை எழுதுங்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. கிர்மிட்டில் வந்த ஆணுக்கு முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங். வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறி ஐந்தாம் வருஷம் 14. அப்படி உழைத்து முடித்தவன் ஊருக்கும் திரும்பாமல், மறுபடி கிர்மிட்டிலும் கையெழுத்துப் போடாமல் இங்கேயே தங்கினால் ஆண்டுக்கு மூன்று பவுன் கட்டவேண்டும் என்று 1895 இல் சட்டம் போட்டார்கள். மூன்று பவுன் என்றால் 60 ஷில்லிங், அவருடைய முதல் வருஷக் கூலியில் சரிபாதி. அந்தப் பணம் இல்லாமல் உள்ளே போன மனிதரைப் பற்றி வெட்கப்படும் சொந்தக்காரர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள், போதும்.

இனி நான் பேசவேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் ஒரே இடத்தில்தான் நின்றேன். "அது குடும்ப விஷயம் என்பதால் எடுக்கவில்லை."

யாருடைய குடும்பம் தம்பி?

அவர் ஜெயிலுக்குப் போனது குடும்ப விஷயம் இல்லையா? அவர் குடித்தது? அதற்கெல்லாம் 31 பக்கம். ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஸ்பிரிங்பீல்டிலிருந்து டர்பன் ஊருக்குள் நடந்து, வெள்ளைக்காரன் மேசைக்கு முன்னால் நின்று, வீட்டில் நடப்பதை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். அந்தத் தாள் உங்கள் கையில் இருந்தது. அதை மூடிக் கோப்புக்குள் திரும்ப வைத்தீர்கள். கடிதத்தில்கூட அவள் "அவர் மனைவி"தான். உங்களுக்கு அவள் கொள்ளுப்பாட்டி. பெயர் எங்கே?

அந்தக் கைக்குழந்தை யார் என்று கணக்குப் போட்டீர்களா? தாத்தா பிறந்தது 1908 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். புகார் 1909 இல். அவள் இடுப்பில் இருந்தது உங்கள் தாத்தாவாகத்தான் இருக்கவேண்டும்.

பல வருஷமாக இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். கொள்ளுத்தாத்தாவைத் தேடுகிற கடிதம் எனக்குப் புதிதில்லை. எழுதுகிறவர்கள் எல்லோரும் கப்பல் பெயர், எஸ்டேட் பெயர், சர்தார் என்கிற கங்காணி அடித்த அடி, வரி எல்லாம் சேர்த்து அந்த மனிதர் ஏன் அப்படி ஆனார் என்பதற்குக் காரணம் தேடுவார்கள். தேடட்டும், காரணம் நிறையவே இருக்கிறது. ஆனால் அதே கப்பல், அதே எஸ்டேட், அதே வரி அவளுக்கும்தான். வரி பெண்களுக்கும் உண்டு. 13 வயதுப் பெண்பிள்ளையிடம்கூடக் கேட்கும்படி 1903 இல் சட்டத்தை நீட்டினார்கள். கிர்மிட்டில் பெண்ணுக்குக் கூலி ஆணுக்குக் கொடுப்பதில் பாதி. அத்தனையும் பட்ட அவள் குடித்துவிட்டு யாரையும் அடிக்கவில்லை. அவள் பட்ட பாட்டுக்கு உங்கள் புத்தகத்தில் இடம் இல்லையா?

அந்த மாதிரி வாக்குமூலங்களை நான் காப்பகத்தில் உட்கார்ந்து படித்திருக்கிறேன். மேலே அவளுடைய கிர்மிட் நம்பர், பிறகு புருஷன் நம்பர். அவள் தமிழில் சொல்ல, துபாஷி இங்கிலீஷில் சொல்ல, கிளார்க் எழுதிக்கொண்டே போவான். கடைசியில் அவள் பெயரைக் கிளார்க் தன் காதில் விழுந்தபடி எழுதி, நடுவில் கொஞ்சம் இடம் விட்டிருப்பான். அந்த இடத்தில் பெருக்கல் குறி மாதிரி ஒரு கீறல். ஒரு தாளில் அந்தக் கீறலின் ஒரு கோடு நீண்டு கீழ்வரி வரைக்கும் இறங்கியிருந்தது. பேனா பிடித்துப் பழக்கமில்லாத கை. உங்கள் 31 பக்கத்தில் உங்கள் கொள்ளுத்தாத்தா தன் வாயால் பேசியது ஒரு பக்கமாவது உண்டா? ஜெயில் பதிவு, வரி பாக்கி, வாரண்ட், எல்லாம் அதிகாரிகள் எழுதியது. அந்தத் தலைமுறையில் உங்கள் வீட்டு ஆள் ஒருவர் பேசி எழுத்தில் நிற்கிற தாள் அநேகமாக அது ஒன்றுதான். அதைத்தான் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. 1914க்குப் பிறகு அவர் எந்தத் தாளிலும் இல்லை என்கிறீர்கள். செத்தாரோ, ஓடிப்போனாரோ, அதைத் தேடுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் 1917 அக்டோபர் கடைசியில் உம்கேனி கரை உடைத்து வந்தது. ஸ்பிரிங்பீல்டில் தோட்டம் போட்ட எத்தனையோ குடும்பங்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டன. நம் தமிழ் மீன்காரர்கள் படகை எடுத்துக்கொண்டு அந்தச் சுழலில் இறங்கி நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கரையேற்றியதை இந்த ஊர் இன்னும் பேசுகிறது. அப்போது உங்கள் தாத்தாவுக்கு ஒன்பது வயது. அந்த மூன்று வருஷம் கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றியது யார்? குத்தகைப் பணம் கட்டியது யார்? கூடையைத் தலையில் வைத்துச் சந்தைக்குப் போனது யார்? தண்ணீர் வந்த ராத்திரி அந்தப் பையனை எழுப்பியது யார்? விவசாயி என்று அட்டையில் போடப்போகிறீர்களே, அந்த நிலத்தின் விவசாயி யார் தம்பி?

தில்லையாடி வள்ளியம்மை படத்துக்கு நாம் எல்லோரும் மாலை போடுகிறோம். அந்த மூன்று பவுன் வரியை எதிர்த்த போராட்டத்தில் மாரிட்ஸ்பர்க் ஜெயிலுக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் கண்ணை மூடிய பிள்ளை. அந்த வருஷமே வரியை எடுத்துவிட்டார்கள். அவள் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியும், தெரியத்தான் வேண்டும். சொந்த வீட்டுப் பெண் பெயர் தெரியாமல் அந்த மாலையைப் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டிலும் தாத்தா படம் கண்ணாடி போட்டுத் தொங்கும், ஆயாவுக்குப் படமே கிடையாது. எட்டுப் பிள்ளைகளைக் கரையேற்றியவள் அவள். நான் கேட்கும் வயதுக்கு வந்தபோது சொல்ல ஆள் இல்லை. அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்குச் சொல்ல ஆள் இருக்கிறது. அத்தைக்கு 86 வயது என்றால், அவர் சிறுமியாக இருந்தபோது அந்தப் பாட்டி உயிரோடு இருந்திருக்கலாம். அவர் கையால் சோறு தின்றிருக்கலாம். ஜெயிலைப் பற்றியும் குடியைப் பற்றியும் அத்தையிடம் கேட்காதீர்கள், வாயை மூடிக்கொள்வார். உங்கள் ஆயாவின் மாமியார் எப்படி இருப்பார், என்ன சமைப்பார், எந்தச் சாமியைக் கும்பிடுவார் என்று கேளுங்கள்.

அதற்கு முன்னால் ஐந்தாவது தடவை மாரிட்ஸ்பர்க் போங்கள். அதே கோப்பைக் கேளுங்கள். முன்னும் பின்னும் படம் எடுங்கள், பின்பக்கத்தில் அதிகாரி ஏதாவது குறித்திருப்பான். புகாருக்கு என்ன பதில் கொடுத்தார்கள், அவளைத் திரும்பப் புருஷனிடமே அனுப்பினார்களா என்று பாருங்கள். அவளுடைய நம்பரைக் குறித்துக்கொண்டு கப்பல் பட்டியலுக்கு வாருங்கள். வெஸ்ட்வில்லில் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுத்துலி ஆவண மையத்தில் கேட்டால் வழிகாட்டுவார்கள். பெண்ணுக்கும் தனி வரிசை உண்டு: பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு. கிராமம் அவருடைய கிராமமா, வேறா என்று பாருங்கள். வேறாக இருந்தால் உங்களுக்கு இன்னொரு ஊர் இருக்கிறது, இத்தனை வருஷமாக அதைத் தெரியாமலே இருந்திருக்கிறீர்கள். பெயரை நீங்கள் நினைக்கிற எழுத்தில் மட்டும் தேடாதீர்கள், அந்தக் கிளார்க்குகள் ஒரு முனுசாமியைப் பத்து விதமாக எழுதினார்கள். அவள் இறந்தபோது, விட்டுப்போன சொத்துக்காக எஸ்டேட் கோப்பு ஏதாவது திறந்திருந்தால், அதிலுள்ள மரண அறிவிப்பில் பிள்ளைகள் பெயரெல்லாம் இருக்கும்.

சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அடித்ததைப் புத்தகத்தில் போட்டால் குடும்ப மானம் போய்விடும் என்பார்கள். அவள் அன்றைக்கே போய்ச் சொல்லிவிட்டாள், மானம் போகவில்லை. அவள் சொன்னதை மறைக்க உங்களுக்கோ அவர்களுக்கோ உரிமை கிடையாது. அவர் ஜெயில் போனதும் இருக்கட்டும், அவர்மேல் இவள் சொன்னதும் பக்கத்திலேயே இருக்கட்டும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

படம் எடுத்து வந்ததும், அந்த இங்கிலீஷைத் தமிழில் எழுதுங்கள். அவள் தமிழில்தான் சொன்னாள். எழுதி முடித்து, அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால், அத்தை பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். அவர் அழுதால் நிறுத்துங்கள், கேட்டால் தொடருங்கள்.

பிறகு எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். அதில் பாட்டியின் பெயர் இருக்கவேண்டும்.